பிரிக்காத ஐந்து தையல்கள்

செந்தில்,

ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் உனக்குப் பொன்னாடை போர்த்தும்போது, முன்வரிசையில் எனக்காகப் போட்டு வைத்திருக்கும் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி, பிரஷர் ஏறிவிட்டது என்று நீ யாரிடமும் சாக்குச் சொல்ல வேண்டாம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்கு உன்மேல் கோபம். நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டபோதும், எங்களிடம் சொல்லாமல் மோட்டார் சைக்கிள் வாங்கியபோதும் வந்த கோபமெல்லாம் சோறு வடிப்பதற்குள் ஆறிப்போனது. இது இரண்டு வாரமாக ஆறவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பாதியில் 'பேஷண்ட் வந்துட்டாங்கம்மா' என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டப் போவதில்லை. ஈப்போவில் உன் கிளினிக் கவுண்டரில் நானே கொண்டுவந்து கொடுப்பேன். அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. அவர்களும் படிக்க வேண்டிய விஷயம்தான்.

விஷயம் நம் வீட்டுச் சமையலறைத் தரையில் தொடங்கியது. பின்பக்கம் இழுத்துக் கட்டிய புதுச் சமையலறைக்கு டைல்ஸ் ஒட்ட ஆறுமுகத்தை வரச் சொல்லியிருந்தேன். ஆறுமுகம் யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ மறந்துவிட்டாயோ என்று எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டதால் சொல்கிறேன். நான் பிறந்த தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு எதிர் லயத்துப் பிள்ளை அவர். என்னைவிட எட்டு வயது சின்னவர். பதினெட்டு வயதில், ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் தெறித்து இடது கண் போனது. அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். மிச்சமிருந்த ஒரே கண்ணை வைத்துக்கொண்டு டைல்ஸ் வேலை கற்று, தோட்டத்தை விற்ற பிறகு சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் எத்தனையோ வீடுகளுக்குத் தரை போட்டவர். ஃபாரம் ஃபைவ் பரீட்சைக்கு நீ குப்புறப் படுத்துப் படித்தாயே, நம் ஹால் தரை, அது அவர் போட்டது. வாசலில் நின்று பார்த்தால் கடைசிச் சுவர்வரை கோடு ஒரே கோடாகப் போகும். டைல்ஸுக்கு நடுவில் பிளாஸ்டிக் சிலுவை வைத்து இடைவெளி பிடிப்பதெல்லாம் அவருக்கு ஆகாது. 'அதெல்லாம் புதுசா பழகுற பையனுங்களுக்குக்கா' என்பார். ஒரு நூல் கட்டுவார், கண்ணால் பார்ப்பார், ஒட்டுவார்.

மிச்சமிருந்த அந்த ஒரே கண்ணிலும் புரை முற்றிப்போய், ஏழு மாதத்துக்கு முன்னால் நீ நடத்திய இலவச முகாமில் ஆபரேஷன் செய்தாய். நான்தான் உன்னிடம் பேர் கொடுத்தேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன், என் பங்கு என்னவென்று பிறகு நீ கேட்கக்கூடாது.

மூன்று நாள் வேலை. முதல் இரண்டு நாளும் நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, ஈர சிமெண்டை மிதிக்கக் கூடாதென்று. மூன்றாம் நாள் மத்தியானம் தேநீர் எடுத்துக்கொண்டு போனேன். ஹாலிலிருந்து வரும் கோடு சமையலறை வாசலைத் தாண்டியதும் வழி தவறிய ஆள் மாதிரி ஒருபக்கமாக ஒதுங்கிப் போயிருந்தது. கடைசி வரிசையில் சுவருக்கும் டைல்ஸுக்கும் நடுவே இந்த மூலையில் ஒரு விரல் இடைவெளி, அந்த மூலையில் மூன்று விரல். எனக்குத் தலைக்கேறிவிட்டது. என் வாய் உனக்குத் தெரியும்.

"என்னா வேலை இது ஆறுமுகம்? தண்ணி கிண்ணி போட்டுட்டு வந்தியா?"

ஆறுமுகம் குடிக்க மாட்டார். அவர் அப்பா குடித்துச் சீரழிந்ததைப் பார்த்து வளர்ந்தவர், தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர், கல்யாண வீட்டில்கூட ஆரஞ்சு தண்ணியோடு ஒதுங்கி நிற்பவர். தெரிந்துதான் கேட்டேன், கோபத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அவர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாக்கா, நேத்து கொஞ்சம். மன்னிச்சிருங்க. ஒடைச்சிட்டு மறுபடியும் ஒட்டித் தாரேன் லா" என்றார். நான் நம்பிவிட்டேன். இன்னும் நாலு வார்த்தை பேசினேன். எதிர் லயத்து மனிதனை, அறுபது வயதில், செய்யாத தப்புக்கு நிற்க வைத்துத் திட்டினேன். அவர் திட்டு வாங்கிக்கொண்டே தேநீர் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினார். கை டம்ளருக்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பிடித்தது. தடவி, இரண்டாம் தடவைதான் டம்ளர் கையில் வந்தது.

நான் முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தவள், அதில் பாதிக்கு மேல் கண் வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும். குடித்தவன் கை எப்படிப் போகும், பார்வை கெட்டவன் கை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அவரை நாற்காலியில் உட்கார வைத்து முகத்தைத் தூக்கிப் பிடித்தேன். சமையலறை உச்சியில் வட்டமான டியூப் லைட் எரிகிறது இல்லையா, அது அவருடைய கருவிழியில் சின்ன மோதிரம் போலத் தெரிந்தது. பேப்பர் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தேன். மோதிரம் வட்டமாக இல்லை. ஒருபக்கமாக நசுங்கி முட்டையாக இருந்தது.

"ஆறுமுகம், உண்மையைச் சொல்லு. கோடு எப்படித் தெரியுது?"

"நெட்டுக்கு நிக்கிற கோடு நல்லா தெரியுதுக்கா. குறுக்கு கோடுதான் நெழலு அடிக்குது. ஒன்னு ரெண்டா தெரியுது. எது நெசம்னு ஒரு அந்தாசுல, குத்துமதிப்பா ஒட்டுறேன்" என்றார். எத்தனை நாளாக என்றேன். கட்டு அவிழ்த்த நாளிலிருந்தே என்றார். மோட்டாரில்தானே வந்தாய், லோரி போகிற ரோட்டில் எப்படி வந்தாய் என்றேன். "ரெண்டு லோரி தெரியுங்கா. ரெண்டுக்கும் நடுவுல போவ மாட்டேன், ஓரமாத்தான் வாரேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு மாதமாக ஏன் வாயைத் திறக்கவில்லை, டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படிக்கா சொல்றது? நம்ம தோட்டத்துப் புள்ளை. இவ்ளோ பெரிய டாக்டரா வந்து, காசு வாங்காம செஞ்சு விட்டுருக்கு. நான் போயி கண்ணு சரியில்லைன்னு சொன்னா நாலு பேரு என்னா பேசுவான்? தம்பி பேரு கெட்டுப் போயிரும்லக்கா."

புரிகிறதா செந்தில்? உன் பேர் கெடக்கூடாது என்பதற்காக அந்த மனிதர் தன்னைக் குடிகாரன் என்று ஒத்துக்கொண்டார். என் முன்னால், என் வீட்டில், நான் வாய்க்கு வந்தபடி பேச.

இன்னொன்றும் சொன்னார். நான்கு மாதத்துக்கு முன்னால் கண் உறுத்துகிறதென்று உன் கிளினிக்குக்கு வந்திருக்கிறார். கவுண்டரில் கார்டு கேட்டிருக்கிறார்கள். முகாமில் கொடுத்த கார்டு மகள் வீட்டில் இருந்தது. அந்த நேரம் பார்த்து நீ யாரோ பெரிய மனிதர்களோடு அந்தப் பக்கம் நடந்து போனாயாம். நின்று, தோளைத் தட்டி, "நல்லா இருக்கீங்களா மாமா?" என்று கேட்டாயாம். "பளிச்சினு இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். நீ நின்று கேட்டதைப் பெருமையாகத்தான் என்னிடம் சொன்னார். தோளைத் தட்டிய கையால் இமையைத் தூக்கிப் பார்த்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்தேன். நீ பேசியது ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. "கேஸ் கஷ்டமானதும்மா. புரை கல்லு மாதிரி இருந்துச்சு, மெஷின்ல ஒடையல. வெட்டைப் பெருசாக்கி முழுசா எடுத்து, அஞ்சு தையல் போட்டேன். லீக் இல்ல, இன்பெக்‌ஷன் இல்ல. பார்வை சிக்ஸ் டுவெல்வ் வருது. நல்ல ரிசல்ட்டும்மா. கண்ணாடி போட்டா சரியாயிரும்." தையலைப் பிரித்தாயா என்றேன். "மெசேஜ் போயிருக்கும். அவரு வரல. கம்ப்ளெய்ண்ட் எதுவும் பண்ணலையேம்மா."

கம்ப்ளெய்ண்ட் பண்ணவில்லை. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். நம் ஆட்கள் எப்போது கம்ப்ளெய்ண்ட் பண்ணினார்கள்? லயத்தை இடித்தபோது பண்ணினார்களா? பத்து நாளில் காலி செய் என்றபோது மூட்டையைக் கட்டிக்கொண்டு லோரியில் ஏறினவர்கள்தானே. அந்த ஆட்களுக்குத்தான் நீ வைத்தியம் பார்க்கிறாய். அவர்கள் வாயைத் திறக்கவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இதை நீ மருத்துவக் கல்லூரியில் கற்றிருக்க முடியாது. ஆனால் என் வயிற்றில் பிறந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த சிக்ஸ் டுவெல்வை வைத்து என்னை ஏமாற்றப் பார்க்காதே. அது ஓட்டை போட்ட தகட்டைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு படித்த எழுத்து. சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால் கலங்கினதும் தெளியும். அந்தத் தகட்டை நானே எத்தனை ஆயிரம் பேர் கண்ணுக்கு முன்னால் பிடித்திருக்கிறேன். தகட்டை எடுத்துவிட்டால் எத்தனை வரி படிப்பார் என்று ரிப்போர்ட்டில் எழுதினாயா? தகட்டை நெற்றியில் கட்டிக்கொண்டா அவர் டைல்ஸ் ஒட்டுவார்?

பெரிய வெட்டு போட்டதற்கு எனக்குக் கோபம் இல்லை. புரை கல்லாகிவிட்டால் வேறு வழியில்லை, அது எனக்குத் தெரியும். இறுக்கிக் கட்டியதற்குக்கூட முழுக் கோபம் இல்லை. தளர்ந்த தையல் வாய் பிளந்தால் தண்ணீர் கசியும், கிருமி போகும், அப்போது கண்ணே போய்விடும். பயந்த கை இறுக்கத்தான் செய்யும். ஆனால் இறுக்கினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? முடியைவிட மெல்லிய நைலான் நூல்தான். அதை ஒரு சுற்று அதிகமாக இழுத்தால் கருவிழி அந்தப் பக்கமாக மடங்கி வளைகிறது. வட்டமாக இருக்க வேண்டிய கண்ணாடி முட்டையாகிவிடுகிறது. ஒரு திசைக் கோடு கூர்மையாக விழும், மற்றத் திசைக் கோடு கலங்கும். உள்ளே வைத்த லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதற்கு வழிவிடும் கண்ணாடி கோணினால் எல்லாம் வீண். அதனால்தான் இரண்டு மாதம் கழித்து ஆளைக் கூப்பிட்டு, வளைவை அளந்து, எந்தத் தையல் இழுக்கிறதோ அதை மட்டும் வெட்டி எடுப்பது. ஒரு சொட்டு மருந்து, ஊசி முனை, இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தை நீ கொடுக்கவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ பயிற்சியில் இருந்தபோது ஆட்டுக்கண்ணில் தைத்துப் பழகியது? பாசாரில் இறைச்சிக் கடைக்காரரிடம் நான்தான் சொல்லி வைத்து வாங்கி வருவேன். ஒரு தடவை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்துவிட்டேன். உன் அப்பா ஐஸ்கிரீம் என்று ஆசையாகத் திறந்தவர், நாலு ஜோடிக் கண் தன்னைப் பார்ப்பதைக் கண்டு டப்பாவைக் கீழே போட்டார். அதோடு சாகும்வரை ஆட்டிறைச்சி தொடவில்லை, பாவம். சாப்பாட்டு மேசையில் நீ தைப்பாய், நான் டார்ச் பிடிப்பேன். நீ இழுத்து முடிச்சுப் போடும்போதெல்லாம் நான் என்ன சொல்வேன்? எங்கள் தியேட்டரில் ஒரு பெரிய டாக்டர் இருந்தார், யாழ்ப்பாணத்து மனிதர். நாள் முழுக்க ஆங்கிலம்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். சின்ன டாக்டர்கள் நூலை இழுத்தால், "இறுக்காதை தம்பி. விளிம்பு விளிம்பைத் தொட்டால் காணும்" என்பார். இறுக்காதே, தொட்டால் போதும் என்று அதைத்தான் உனக்கும் சொன்னேன். தைத்து முடித்ததும் அவர் கொதிநீரில் போட்டெடுத்த ஊக்கு ஒன்றை வாங்கி, அதன் அடி வளையத்தைக் கண்ணுக்கு மேலே பிடிப்பார். கருவிழியில் விழும் நிழல் வட்டமாக இருந்தால் கட்டுப் போடச் சொல்வார். முட்டையாக இருந்தால், எத்தனை பேர் வெளியே காத்திருந்தாலும், பிரித்து மறுபடி தைப்பார். நம் மேசையில் நீயும் ஊக்கு பிடித்துப் பார்ப்பாய். வட்டம் சரியாக வந்த அன்று, "அம்மா, ரவுண்டும்மா, பாருங்கம்மா" என்று குழந்தை மாதிரி கத்தினாய். அந்தப் பிள்ளை எங்கே போனான்?

எங்கே போனான் என்று யோசித்துப் பார்த்தால், நானும் அவனை அனுப்பி வைத்தவர்களில் ஒருத்திதான். கோயிலில், கல்யாணத்தில், பேங்க் வரிசையில் நின்றுகொண்டுகூட, "எங்க செந்திலுக்கு ஒரு கண்ணுக்குப் பத்து நிமிஷம் போதும்" என்று பீற்றிக்கொண்டேன். "தையலே கிடையாது லா, காலையில போனா மத்தியானம் வீட்டுக்கு வந்துரலாம்" என்றேன். நன்றாகச் செய்வான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வேகமாகச் செய்வான் என்றுதான் சொன்னேன். நீ சின்ன வயதில் கணக்குப் பரீட்சையை முதலில் முடித்து வெளியே வந்தாய் என்று உனக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். எத்தனை மார்க் என்று பிறகுதான் கேட்டேன். தையல் இல்லாத ஆபரேஷன் பழகியவனுக்குத் தையல் போட நேர்ந்தால் அது தோல்வி மாதிரி இருக்கிறது போல. போட்டதும் மறந்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது போல. முகாமில் அடுத்த ஆள் கட்டிலில் காத்திருந்தார், போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தார்கள். ஊக்கைத் தேட யாருக்கு நேரம்?

நான் செய்ததையும் சொல்கிறேன். உன் அப்பாவுக்குக்கூட இதைச் சொன்னதில்லை. கண் கிளினிக்கில் தையல் பிரிக்கும் நாளில் பேர் கூப்பிடுவது என் வேலையாக இருந்தது. லெட்சுமி முனியாண்டி என்று ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும், ரப்பர் பால் வெட்டுக்காரி. மூன்று தடவை கூப்பிட்டேன், யாரும் எழுந்து வரவில்லை. வராதவர்களுக்குக் கடிதம் போட வேண்டும் என்பது சட்டம். கார்டில் இருந்த தோட்ட விலாசத்தை உறையில் எழுதினேன். எழுதும்போதே எனக்குத் தெரியும் செந்தில். அந்தத் தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயத்தை இடித்துவிட்டார்கள், ஆபீஸில் கணக்குப் பார்க்கும் கிராணிகூட அங்கே இல்லை. அதே மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் என் அம்மா வீட்டையும் இடித்திருந்தார்கள். அந்தக் கடிதம் யார் கைக்கும் போகாது என்று தெரிந்தே எழுதி, தெரிந்தே தபாலில் போட்டேன். போட்டுவிட்டு, வரவில்லை என்று கார்டில் குறித்து, பெட்டியில் வைத்தேன். அந்த ஊர் ஆட்கள் சுங்கை சிப்புட்டில் எந்த ரூமா மூரா மலிவு வீடுகளுக்குப் போனார்கள் என்று என் தம்பியிடம் கேட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. என் வேலை முடிந்துவிட்டது என்று இருந்தேன்.

அடுத்த வருஷம் ஈப்போ பஸ் ஸ்டேஷனில் அந்த அம்மாவைப் பார்த்தேன். மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. பிரிக்காத தையல் ஒன்று அறுந்து, முள் மாதிரி நீட்டிக்கொண்டு, புண்ணாகி, சீழ் வைத்து, கண்ணையே எடுத்துவிட்டார்களாம். என் குரலைக் கேட்டு அடையாளம் கண்டுகொண்டார். சண்டை போடவில்லை. "மிஸ்ஸி, நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. ஓய்வு பெற்ற அன்று எனக்கும் மாலை போட்டார்கள், சேவைக்கு நன்றி என்று தட்டு ஒன்று கொடுத்தார்கள். அந்தத் தட்டை ஏன் ஷோகேஸில் வைக்காமல் பரணில் போட்டேன் என்று நீ கேட்டாயே, இதுதான் காரணம்.

'மெசேஜ் போயிருக்கும்' என்று நீ சொன்னபோது எனக்கு அந்த உறைதான் கண்முன் வந்தது. உன் கவுண்டரில் கொடுத்திருந்த நம்பர் ஆறுமுகத்தின் மகளுடைய பழைய நம்பர். அவள் நம்பர் மாற்றி ஆறு மாதமாகிறது. உன் மெசேஜ் எங்கோ யாருக்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. நீ என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

போன வாரம் அவரை சுங்கை சிப்புட்டில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனேன். நீதான் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றாயே. சீனப் பெண் ஒருத்தி, சின்ன வயது, பொறுமையாக அளந்தாள். மெஷினை விட்டு நிமிர்ந்து, "ஆண்டி, ஜாயித்தான் இன்னும் உள்ள இருக்கு லா, ஏன் எடுக்கல?" என்றாள். மலாயில் தையலைத்தான் அப்படிச் சொல்கிறாள். என் பிள்ளை போட்ட தையல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கோணலைச் சரிக்கட்டும் ஐந்து நம்பர் சிலிண்டர் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். எழுத்து கொஞ்சம் தெளிந்தது, ஆனால் எழுந்து நாலடி நடந்ததும் ஆறுமுகம் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, தரை மேல ஏறுதுக்கா" என்றார். நாற்பது வருஷம் தரை போட்ட மனிதனுக்குத் தட்டைத் தரை மேட்டு நிலமாகத் தெரிகிறது. முதலில் டாக்டரிடம் போய்த் தையலை எடுத்துவிட்டு வரச் சொன்னாள் அந்தப் பெண். கண் நரம்பு நன்றாக இருக்கிறது, வளைவைச் சரி செய்தால் பார்வை தேறும் என்றாள். உன்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

திரும்பி வரும் வழியில் பாராட்டு விழாவைப் பற்றிப் பேச்சு வந்தது. மேடையில் பயனடைந்தவர் ஒருவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும், ஆறுமுகம் பேசட்டும் என்று கமிட்டியில் முடிவு செய்திருக்கிறார்களாம். எழுதியும் கொடுத்துவிட்டார்கள். பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினார். படித்துக் காட்டு பார்ப்போம் என்றேன். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று சொன்னார்: "டாக்டர் தம்பி கை பட்ட நாள்லேர்ந்து எனக்கு எல்லாம் பளிச்சினு தெரியுது, இந்த உலகத்தையே புதுசா பாக்குறேன்." காகிதம் தலைகீழாக இருந்தது. படிக்க முடியாததால் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அதை மைக்கில் சொல்லப் போகிறார், நீ கீழே உட்கார்ந்து கேட்டுக் கும்பிடப் போகிறாய். அந்த மண்டபத்தில் நான் எப்படி உட்காருவேன்? சொல்.

நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. கெட்டவனாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன், காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். விடுமுறை நாளில் இலவசமாக ஆபரேஷன் செய்ய எத்தனை டாக்டர் வருகிறான்? நீ வந்தாய். அது பெரிய காரியம்தான். ஆனால் இலவசம் என்றால் பாதியில் விடலாம் என்று யார் சொன்னது? பணம் கட்டிய ஆளுக்கு இரண்டு மாதம் கழித்து உன் கவுண்டர் பிள்ளை மூன்று தடவை போன் செய்கிறாள். இவருக்கு ஒரு மெசேஜோடு சரி. தோட்டத்திலும் அப்படித்தான் நடந்தது, கிராணி வீட்டுக்கு ஒரு தண்ணீர்க் குழாய், லயத்துக்கெல்லாம் சேர்த்து ஒரு குழாய். அந்தக் குழாயடியில் நின்று வளர்ந்தவள் நான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆறுமுகத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வர மாட்டேன் என்று அழுதார். தம்பி மனம் கஷ்டப்படும் என்றார். வரவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நானே மேடையேறி மைக்கைப் பிடுங்கி உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டித்தான் சம்மதிக்க வைத்திருக்கிறேன். நீ அளந்து பார். இழுக்கிற தையலை எடு. ஒரே நாளில் எல்லாம் சரியாகாது என்று எனக்கும் தெரியும், மறுபடி எப்போது வர வேண்டும் என்று தேதியை அவர் கையில் எழுதிக் கொடு, அவர் மகளின் புது நம்பரை நீயே கேட்டு எழுதிக்கொள். பிறகு அந்த முகாமின் பட்டியலை எடுத்து, இன்னும் யார் யாருக்குத் தையல் போட்டாய், யார் யார் திரும்பி வரவில்லை என்று பார். பாகான் செராயிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள் என்று சொன்னாய். போன் எடுக்காதவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பு. ஆள் இல்லையென்றால் என்னிடம் கொடு, நான் போகிறேன். எனக்கு முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் செய்தால் ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா அம்மா என்று கேட்காதே. உன்னோடு பேரம் பேச நான் எழுதவில்லை. ஆறுமுகத்திடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவர் என் காலில் விழ வந்தார், அதுவும் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. சமையலறைத் தரையை உடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது அப்படியே கிடக்கட்டும். உன் தையலைப் பிரித்த பிறகு, அந்தக் கண்ணால் அவரே பார்த்து, அவரே பெயர்த்து, அவரே மறுபடி ஒட்டட்டும். அதுவரை நான் அந்தக் கோணலில் நின்றுதான் சமைப்பேன்.

வெள்ளிக்கிழமை என்னைப் பார்த்ததும் டாக்டரோட அம்மா வந்திருக்கிறார் என்று உள்ளே ஓடி வரச் சொல்லாதே, மைலோ கலக்கிக் கொடுக்கச் சொல்லாதே. நம்பர் எடுத்துக்கொண்டு எல்லாரோடும் வரிசையில் உட்கார்ந்திருப்போம். அவருடைய முறை வரும்போது கவுண்டர் பிள்ளையை விடாமல், நீயே கதவைத் திறந்து வெளியே வா. மாமா என்று தோளைத் தட்ட வேண்டாம். கார்டில் இருப்பதுபோல் ஆறுமுகம் பெருமாள் என்று முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடு. கூச்சத்தில் முதல் தடவை எழுந்திருக்க மாட்டார். கார்டைப் பெட்டியில் போட்டுவிடாதே. அவர் எழுந்து உன் முன்னால் வந்து நிற்கும்வரை கூப்பிடு.

அம்மா